நிலநடுக்கமும் அதன் பின்னதிர்வுகளும்

பொறுமைக்கு உவமை கூறப் புகுந்த திருவள்ளுவர், தன்னைத் தோண்டுவாரையும் தாங்கி நிற்கும் நிலத்தையே எடுத்துக் காட்டினார். அவ்வுவமை நம் நெஞ்சில் ஆழப் பதிந்துவிட்டமையின், நிலம் அசைந்தது என்னுஞ் செய்தி இயற்கைக்கு மாறுபட்டதாகவே நமக்குத் தோன்றுகின்றது. நிலநடுக்கம், பூகம்பம், நில அதிர்ச்சி என நாம் வழங்கும் சொற்கள் மூன்றும் மனிதன் உணர்ந்த அசைவைக் குறிப்பனவேயன்றி, நிலத்தினுள் நிகழ்ந்த செயலைக் குறிப்பன அல்ல. நடுக்கம் என்பது விளைவு. பாறை கிழிதலே அதற்குக் காரணம். அக்கிழிவு எங்ஙனந் தொடங்குகின்றது, எத்துணைத் தூரம் ஓடுகின்றது, ஓடி நின்ற பின்னரும் பல நாளும் பல திங்களும் சிறு நடுக்கங்கள் ஏன் தொடர்கின்றன என்பவற்றை ஒருவாறு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம். இஃது அறிவியலார்க்கு மட்டும் உரியதென ஒதுக்கத்தக்க விஷயமன்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26ஆம் நாள் தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஏறக்குறைய எண்ணாயிரவர் உயிரிழந்தனர். பெரும் நிலநடுக்கம் ஒன்றைப் படத்தில் ஒரு புள்ளியாகக் காணும் வழக்கத்திற்கும் அவ்விழப்பிற்கும் தொடர்பில்லாமலில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

முதற்கண் பாறையின் இயல்பை அறிதல் வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, இராஜபாளையத்தாரும் எளிதிற் சென்று காணத்தக்க தொலைவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் உள்ளது செண்பகத்தோப்பு. சாம்பல் நிற மலையணில்கள் மரத்துக்கு மரம் தாவும் அக்காட்டில், கோடைக் காலத்து ஓடையில் இறங்கி நடப்போர் நீர் வற்றிய இடங்களிற் பாறை வெளிப்பட்டுக் கிடத்தலைக் காண்பர். இதனினும் அசைவற்ற பொருள் உலகில் உண்டோ என்று அப்பாறைமேல் நிற்பார் எவர்க்குந் தோன்றும். ஆயினும், இராஜபாளையத்தைச் சுற்றியுள்ள பாறைகளுட் சில, ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்தின் ஆழத்தில், 900 பாகை சென்டிகிரேடுக்கும் மேற்பட்ட வெம்மையில் உருமாறியவை என்பது நிலநூலார் கண்ட முடிபு. அவ்வெம்மையிற் பாறை உடையாது, இழுபட்டு வளையும். செண்பகத்தோப்பிற்குத் தென்மேற்கே, மலைக்கு அப்பால் உள்ள அச்சன்கோவிலை ஒட்டி, அங்ஙனம் பாறை இழுபட்டு நசுங்கிய நீண்ட தழும்பு ஒன்று வடமேற்குத் தென்கிழக்காகச் செல்கின்றது. அதனை அச்சன்கோவில் நசுக்கு மண்டலம் என்னலாம்.

கருப்பட்டிப் பாகு சூடாயிருக்கும்பொழுது இழுத்தால் நீளும். ஆறி இறுகியபின் வளைத்தால் ஒடியும். பாறையும் அத்தகையதே. ஆழத்திலுள்ள வெம்பாறை மெல்ல இழுபட்டு நகர்தலின் அங்கே நடுக்கம் பெரும்பாலும் தோன்றுவதில்லை. கண்டங்களின்கண் மேற்பரப்பிலிருந்து ஏறக்குறைய 15 அல்லது 20 கிலோமீட்டர் ஆழத்திற்கு உட்பட்ட குளிர்ந்த பாறையே பெரும்பாலும் உடைவது. அதுவும் உடனே உடைவதன்று. குளிர்ந்த பாறை வில்லைப் போலச் சிறிது வளைந்து கொடுக்கும். வளைத்த வலி நீங்கின் பண்டைய நிலைக்கு மீளும். பாறைக்கு இவ்வில்லியல்பு உண்டென்பதே நிலநடுக்க நூலுக்கு அடிப்படை.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரிய தேரை ஆடிப்பூரத்தன்று வடம் பிடித்து இழுப்பதைக் கண்டார்க்கு அடுத்த செய்தி எளிதில் விளங்கும். நூற்றுக்கணக்கானோர் ஒருங்கே வடத்தைப் பற்றி இழுப்பர். தேர் அசையாது, வடம் மட்டும் விறைத்துக்கொண்டே செல்லும். மேலும் இழுக்க, ஒரு கணத்தில் தேர் குலுங்கிச் சில அடி பெயர்ந்து மீண்டும் நிற்கும். இழுப்பு இடையறாதது, பெயர்ச்சியோ இடைவிட்டு நிகழ்வது. சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் உராய்வை இழுப்பின் வலி வெல்லும் கணமே பெயரும் கணம். நிலத்தினுள்ளும் இருபுறப் பாறைகள் ஒன்றையொன்று உரசி நிற்கும் பழைய பிளவுகள் உள. அவற்றைப் பிளவுத்தளம் என்போம். உராய்வு அவ்விருபுறங்களையும் பூட்டி வைக்க, சுற்றியுள்ள பாறை விறைத்த வடம்போல வளைந்து வலியைச் சேமிக்கின்றது. பூட்டு விடும் கணத்தில் இருபுறமும் எதிரெதிராகப் பாய்ந்து நேராகின்றன. அப்பாய்ச்சலில் எழும் அலைகளே நம்மை நடுக்குவன.

இக்கருத்தைத் தெளிவுற நிறுவியவர் ஹாரி ஃபீல்டிங் ரீட் என்னும் அமெரிக்க அறிஞர். 1906ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் கலிபோர்னியாவில் சான் ஆண்ட்ரியாஸ் பிளவு கிழிந்து சான் பிரான்சிஸ்கோ நகரம் அழிந்தது. பிளவைக் கடந்து நேராகச் சென்றிருந்த வேலிகளும் பாதைகளும் அறுபட்டு, சிலவிடங்களில் ஏறக்குறைய 6 மீட்டர் விலகி நின்றன. நடுக்கத்திற்குப் பல்லாண்டு முன்னர் எடுத்த நில அளவைக் கணக்குகளை ஆராய்ந்த ரீட், பிளவினின்று தொலைவிலுள்ள இடங்கள் முன்னரே மெல்ல மெல்ல நகர்ந்திருந்தமையையும், பிளவை ஒட்டிய இடங்கள் மட்டும் பூட்டுண்டு பின்தங்கியிருந்தமையையும் கண்டார். பின்தங்கியவை ஒரே நிமிடத்திற்குள் தம் கடனைத் தீர்த்துக்கொண்டன என்பதே 1910இல் அவர் வெளியிட்ட கொள்கையின் சாரம்.

அங்ஙனமாயின் வடத்தை இழுப்பவர் யார்? நிலத்தின் மேலோடு பல தட்டுகளாகப் பிரிந்து நகர்ந்துகொண்டிருக்கின்றது. இந்தியாவைத் தாங்கிய தட்டு ஆண்டுக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் வடகிழக்கு நோக்கிச் செல்கின்றது. நம் விரல் நகம் வளரும் வேகத்தினும் இது சிறிதே மிகுதி. வடக்கே அது இமயத்தை நெருக்குகின்றது. கிழக்கே சுமத்திரா, நிக்கோபார், அந்தமான் தீவுகளுக்கு அடியிற் சாய்ந்து புகுகின்றது. புகும் வாயில் பூட்டுண்டு கிடக்கும் நூற்றாண்டுகளில், மேலுள்ள தட்டின் விளிம்பு கீழ்நோக்கி இழுக்கப்பட்டு வளைந்து நிற்கும்.

இனிப் பூட்டு விடும் முறையைக் காண்போம். பிளவுத்தளம் முழுவதும் ஒரே கணத்தில் விட்டுவிடும் எனக் கருதுதல் பொருந்தாது. இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, காயங்கட்டும் பேண்டேஜ் துணி நெய்தலிற் பேர்பெற்றது. அத்துணியை இருகையாலும் பற்றி இழுத்தால் எளிதிற் கிழியாது. ஓரத்தில் ஒரு நூலை அறுத்துவிட்டு இழுத்தாலோ, கிழிவு சரசரவென ஓடும். என்னை? அறுந்த நூல் தாங்கிய வலி அடுத்த நூலின்மேல் ஏறுகின்றது. அது தன் பங்கோடு அயலான் பங்கையுந் தாங்கமாட்டாது அறுகின்றது. இரண்டன் பங்கும் மூன்றாவதன்மேல் ஏறுகின்றது. வலி முழுதும் கிழிவின் நுனியிற் குவிதலின், துணி முழுவதையும் கிழிக்கப் போதாத கைவலி, நூல் நூலாகக் கிழிக்கப் போதியதாகின்றது. பாறையின் கிழிவும் இங்ஙனமே, ஓரிடத்திற் சிறிதாகத் தொடங்கி, வினாடிக்கு 2 அல்லது 3 கிலோமீட்டர் வேகத்திற் பிளவுத்தளத்தின் வழியே ஓடுகின்றது. தொடங்கிய அவ்விடத்தைக் குவியம் என்றும், அதற்கு நேர்மேலே நிலப்பரப்பில் உள்ள இடத்தை மேல்மையம் என்றும் கூறுவர். பத்திரிகைப் படங்களிற் புள்ளியாகக் காட்டப்பெறுவது இம்மேல்மையமே. அது கிழிவு தொடங்கிய இடமேயன்றிக் கிழிவு முழுவதும் அன்று.

துணியின் கிழிவு கரையிலோ தையலிலோ வந்து நிற்பதுபோலப் பாறையின் கிழிவும், பிளவு வளையும் இடத்திலோ, பாறையின் தன்மை மாறும் இடத்திலோ, முன்னரே கிழிந்து வலி நீங்கிய பகுதியிலோ வந்து நிற்கும். எங்கே நிற்கின்றது என்பதே நடுக்கத்தின் அளவை வரையறுக்கின்றது. அளவு 6 உடைய நடுக்கத்தில் ஏறக்குறைய 10 கிலோமீட்டர் கிழியும். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இராஜபாளையத்திற்கும் இடைப்பட்ட தொலைவு அவ்வளவினதே. அது சில வினாடிகளில் முடிந்துவிடும். அளவு 8 உடையதாயின் 200 கிலோமீட்டர் அளவிற் கிழிவு செல்லும். ஒரு நிமிடத்திற்கு மேலும் நீடிக்கும். அளவு ஒன்று கூடுந்தோறும் வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்காகின்றது. ஆதலின் 6க்கும் 8க்கும் உள்ள வேற்றுமை இரண்டன்று, ஆயிரம் மடங்கு.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், இந்திய நேரம் காலை 6 மணி 29 நிமிட அளவில், வடசுமத்திராவின் மேற்கே சிமெயுலுவே என்னுந் தீவின் அருகில், ஏறக்குறைய 30 கிலோமீட்டர் ஆழத்தில் அத்தகைய கிழிவொன்று தொடங்கியது. அது வடக்கு நோக்கி ஓடியது. நிக்கோபார்த் தீவுகளின் அடியைக் கடந்து, அந்தமான் தீவுகளின் வடகோடியை நெருங்கியே நின்றது. அதன் நீளம் ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர். கன்னியாகுமரியினின்று சென்னைக்கு நேர்கோட்டிற் சென்று மீளுந் தொலைவு. ஓடி முடிக்க எட்டு முதல் பத்து நிமிடம் ஆயிற்று. சிலவிடங்களில் பிளவின் இருபுறமும் 15 மீட்டருக்கு மேலும் ஒன்றையொன்று கடந்து பெயர்ந்தன. இந்தியாவின் தென்முனையாகிய பெரிய நிக்கோபாரின் இந்திரா முனை 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. அங்குள்ள கலங்கரை விளக்கின் அடியைக் கடல் சூழ்ந்தது. வட அந்தமானின் மேற்குக் கரையிலோ பவளப் பாறைகள் கடலினின்று எழுந்து வெயிலிற் காய்ந்தன. தாழ்ந்து வளைந்திருந்த தட்டு விளிம்பு நிமிர்ந்தபோது, மேலிருந்த கடல் நீரும் உடன் உயர்ந்து, ஆழிப்பேரலையாகப் பரந்தது.

அப்பேரலை நம் கரையை அடைய ஏறக்குறைய இரண்டரை மணி நேரமாயிற்று. அந்நேரத்திற்குள் அறிந்தோர் அறிந்தது யாது? ஹவாய்த் தீவிலுள்ள பசிபிக் ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையத்தார், நடுக்கந் தொடங்கிய கால் மணி நேரத்தில், அளவு 8 எனக் கணக்கிட்டனர். ஒரு மணி நேரத்திற்குப் பின் அதனை 8.5 எனத் திருத்தினர். அது 9ஐ எட்டியது என்பது பல மணி நேரங் கழித்தே தெளிவாயிற்று, இன்று 9.1 முதல் 9.3 வரை எனக் கணிக்கின்றனர். 8க்கும் 9.1க்கும் ஆற்றலில் நாற்பது மடங்குக்கு மேலும் வேற்றுமை உண்டு. அறிஞர் அசட்டையாயிருந்தமையால் விளைந்ததன்று இது. விரைந்து கணக்கிடும் அக்காலத்து முறைகள் முதலில் வரும் குறுகிய அலைகளைக் கொண்டு அளப்பன. பல நிமிடம் ஓடுங் கிழிவின் பெருமை நீண்டு மெல்ல வரும் அலைகளிற்றான் அடங்கியுள்ளது. தொடர்வண்டியின் முதற்பெட்டி கடக்கும் ஓசையைக் கேட்டு மொத்தப் பெட்டிகளையும் எண்ணுதல் எவ்வளவு இயலுமோ, அவ்வளவே அதுவும் இயலும்.

புள்ளிக்கும் கோட்டிற்கும் உள்ள வேற்றுமை மற்றொரு வகையிலும் நமக்கு உரியதாயிற்று. குளத்தில் ஒரு கல்லை எறிந்தால் அலை வட்டமாகப் பரவும். நீண்ட மரத்தடியொன்றைக் கிடையாகப் போட்டால், அலை அதன் இரு பக்கங்களிலும் வலிந்து செல்லும். இரு முனைகளின் பக்கம் தளர்ந்தே செல்லும். 2004இன் கிழிவு தெற்கு வடக்காகக் கிடந்த மரத்தடியை ஒத்தது. ஆகவே பேரலையின் முழுவலியும் கிழக்கே தாய்லாந்தின் மேலும், மேற்கே இலங்கையின் மேலும் தமிழகக் கரையின் மேலும் விழுந்தது. வடக்கே வங்காளதேசக் கரை பெரும்பாலும் தப்பியது. மேல்மையத்தைக் குறித்த புள்ளியை மட்டும் நோக்கினால், சுமத்திராவில் நடந்தது நாகப்பட்டினத்தை ஏன் இவ்வளவு தாக்கவேண்டும் என்பது விளங்காது. கோட்டை நோக்கினால் உடனே விளங்கும். காலை 9 மணியை ஒட்டி அலை வந்தபொழுது, நாகப்பட்டின மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரவர்க்கு மேல் மாண்டனர். அவர்களை எட்டிய எச்சரிக்கை ஒன்றுமில்லை. ஹைதராபாத்தில் இந்தியாவின் ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் 2007இலேதான் தொடங்கப்பெற்றது.

இனிப் பின்னதிர்வுகளைப் பற்றிக் கூறுவோம். பின்னதிர்வு என்பது பேரதிர்வின் எதிரொலியன்று. ஒவ்வொன்றும் தனக்கெனக் குவியமும் கிழிவும் உடைய தனி நடுக்கமே. கிழிவு ஓடி முடிந்ததும் பாறை முழுவதும் ஓய்வுற்றதென எண்ணலாகாது. ஓடிய வழியில் கிழியாது எஞ்சிய துண்டுகள் உண்டு. கிழிவு நின்ற இரு முனைகளிலும் வலி முன்னினும் மிகுதியாகக் குவிந்து கிடக்கும். ஒரு கூடத்தின் தூண்களுள் ஒன்று முறிந்தால் அதன் சுமை அண்டைத் தூண்களின்மேல் ஏறும். அவற்றுள் முன்னரே நலிந்தது அப்பொழுதே முறியும்; சிறிது உறுதியானது சில நாள் தாங்கி முறியும்; மிக உறுதியானது நெடுங்காலம் நின்று பின் முறியினும் முறியும், முறியாதொழியினும் ஒழியும். கிழிவின் பக்கங்களிற் சிலவிடங்களிலோ வலி குறைந்து, அங்கே நடுக்கங்கள் முன்னினும் அருகிப்போதலும் உண்டு. பேரதிர்வு வலியை ஓரளவு செலவிடுகின்றது. எஞ்சியதை இடம் மாற்றி வைக்கின்றது.

நலிந்தவை முதலில் முறிதலின், பின்னதிர்வுகளின் தொகை நாளடைவிற் குறைந்து செல்லும். அக்குறைவுக்கு ஓர் ஒழுங்கு உண்டென்பதை, 1891இல் ஜப்பானில் நிகழ்ந்த நோபி நிலநடுக்கத்தை ஆராய்ந்து, 1894இல் ஓமோரி என்பவர் கண்டறிந்தார். முதல் நாள் 100 நிகழ்ந்தனவாயின், இரண்டாம் நாள் ஏறக்குறைய 50, பத்தாம் நாள் 10, நூறாம் நாள் 1 என்பது அவ்வொழுங்கின் பொதுவடிவம். தொடக்கத்தில் விரைந்து குறையினும் முடிவு நெடுந்தொலைவில் உள்ளது என்பது இதனாற் பெறப்படும். நோபியின் பின்னதிர்வுகள் ஒரு நூற்றாண்டு கழிந்தும் அவ்வொழுங்கின்படியே எண்ணப்பட்டன. நம் நாட்டில் 1897ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் அசாமை உலுக்கிய பெருநடுக்கத்தை ஆராய்ந்த இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் ஓல்டாம் என்பாரும், அதனைத் தொடர்ந்த அதிர்வுகளைத் திரட்டிப் பட்டியலாக வெளியிட்டார்.

ஆயினும் ஒன்றைக் கருத்தில் இருத்துதல் வேண்டும். ஓமோரியின் ஒழுங்கு தொகையைப் பற்றியது, அளவைப் பற்றியதன்று. பின்னதிர்வுகளுள் மிகப் பெரியது பேரதிர்வினும் ஏறக்குறைய 1.2 குறைந்த அளவினதாக இருக்கும் என்பது பலவற்றை நோக்கிக் கண்ட சராசரி. சராசரியை உறுதிமொழியாகக் கொள்ளலாகாது. எத்தனை நாள் கழியினும் பெரியதொன்று நிகழ்தல் கூடும். நாள் செல்லச் செல்ல அதற்குரிய வாய்ப்புக் குறையும் என்று மட்டுமே கூறலாம். மேலும், முன்னதிர்வு, பேரதிர்வு, பின்னதிர்வு என்னும் பெயர்கள் எல்லாம் முடிந்தபின் திரும்பி நோக்கி இடப்படுவன. பின்வருவது முன்னதினும் பெரிதாயின், நேற்றுவரை பேரதிர்வு எனப் பெயர்பெற்றது இன்று முன்னதிர்வாகிவிடும். நடுக்கம் நிகழும்பொழுது அதன்மேற் பெயரெழுதிய சீட்டு எதுவும் ஒட்டப்பட்டிருப்பதில்லை.

2004க்குப் பின் நிகழ்ந்தவை இவையனைத்திற்கும் சான்று. அன்று காலையே தொடங்கிய பின்னதிர்வுகள் சுமத்திராவினின்று அந்தமான்வரை நிரல்படப் பரவி, கிழிவின் நீளத்தைத் தாமே வரைந்து காட்டின. காலை 9 மணி 51 நிமிட அளவில், நிக்கோபார்ப் பகுதியில் 7.2 அளவுள்ள ஒன்று நிகழ்ந்தது. பின்னர், கிழிவின் தென்முனைக்கு அப்பால் வலி கூடியுள்ளதென்று கணக்கிட்டு, வட அயர்லாந்தைச் சார்ந்த ஜான் மெக்ளாஸ்கியும் அவர்தம் துணைவரும் 2005 மார்ச் 17ஆம் நாள் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பதினொரு நாள் கழித்து, மார்ச் 28ஆம் நாள் இரவு, அத்தென்முனையை அடுத்த நியாஸ் தீவில் 8.6 அளவுள்ள நடுக்கம் நிகழ்ந்து, பல நூற்றுவர் மாண்டனர். அவ்வறிஞர் இடத்தைக் கூறினரேயன்றி நாளைக் கூறவில்லை. அது கூறுதல் இன்றளவும் எவர்க்கும் இயலாது. அவ்விரவில் தமிழகக் கடற்கரை மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுநிலம் நோக்கி ஓடினர். கிழிவின் பெரும்பகுதி தீவுகளுக்கும் ஆழமற்ற கடலுக்கும் அடியில் அமைந்தமையாற் பேரலை பெரிதாக எழவில்லை. எனினும் அவர்கள் ஓடியது தக்கதேயாம். 2012 ஏப்ரல் 11ஆம் நாளும் சுமத்திராவுக்கு மேற்கே ஆழ்கடலில் 8.6 அளவில் ஒன்றும், இரண்டு மணி நேரத்தில் 8.2 அளவில் மற்றொன்றும் நிகழ்ந்தன. சென்னையில் மக்கள் கட்டடங்களை விட்டு வெளியேறி வீதியில் நின்றனர். அப்பிளவுகள் பக்கவாட்டிற் பெயர்ந்தனவேயன்றிக் கடற்றரையை உயர்த்தாமையின் பேரலை பெரிதாகவில்லை.

பின்னதிர்வின் கொடுமை அதன் வலியிலன்றி, அது வந்து சேரும் வேளையிலேயே பெரிதும் உள்ளது. முன்னரே வெடித்து நிற்கும் சுவரை வீழ்த்தப் பெரிய வலி வேண்டுவதில்லை. 2015 ஏப்ரல் 25ஆம் நாள் நேபாளத்தில் கோர்க்காப் பகுதியில் தொடங்கிய 7.8 அளவுள்ள கிழிவு, காட்மாண்டுவின் பக்கமாகக் கிழக்கு நோக்கி ஓடி, ஏறக்குறைய ஒன்பதினாயிரவரைப் பலிகொண்டது. மே 12ஆம் நாள், அக்கிழிவு நின்ற கிழக்கு முனையை ஒட்டி 7.3 அளவுள்ள மற்றொன்று நிகழ்ந்தது. இருநூற்றுவர்க்கு மேல் மாண்டனர். பதினேழு நாள் கழிந்தமையின் இடர் நீங்கியதென்று கருதியிருந்தோர்க்கு இது நேர்ந்தது. துணியின் கிழிவு நுனியில் வலி குவியும் என்பதை நினைவார்க்கு இதில் வியப்பொன்றுமில்லை.

இவையெல்லாம் தொலைநாட்டுச் செய்தி. நம் தென்னாடு பழம்பாறையால் ஆயது. இங்கே இடரில்லை என்று கூறுவாரும் உளர். தட்டுகளின் விளிம்பில் உள்ளோர்க்கு நேர்வன நமக்கு நேரா என்பது உண்மையே. அதுகொண்டு நடுக்கமே இல்லையென்று துணிதல் கூடாது. 1900ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் கோயம்புத்தூர்ப் பகுதியில் ஏறக்குறைய 6 அளவுள்ள நடுக்கம் நிகழ்ந்து, தென்னாட்டின் பெரும்பரப்பில் உணரப்பட்டது. 1993 செப்டம்பர் 30ஆம் நாள் விடியுமுன், இதுபோன்ற பழம்பாறைப் பகுதியாகிய மராட்டிய நாட்டு இலாத்தூரில் 6.2 அளவுள்ள ஒன்று நிகழ்ந்தது. உறங்கியவர்மேற் கனத்த கற்சுவர்கள் விழுந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். நம் மலைக்கு மறுபுறத்தே ஈராற்றுப்பேட்டைப் பகுதியில் 2000 டிசம்பர் 12ஆம் நாள் 5 அளவிலும், 2001 ஜனவரி 7ஆம் நாள் அதனிற் சிறிது குறைந்த அளவிலும் நடுக்கங்கள் நிகழ்ந்தன. பண்டு கிழிந்து ஆறிய தழும்புகள், வலி வந்து சேர்ந்தால் மீண்டும் நெகிழ்தற்கு உரியன. ஆதலின் செண்பகத்தோப்பின் அமைதியை அச்சத்தோடு நோக்கவேண்டுவதில்லை. ஆயினும் அதனடியில் வீடு கட்டுவோர் சுவரையும் கூரையையும் ஒன்றோடொன்று பிணைத்துக் கட்டுதல் நன்று.

முடிவாக ஒரு செய்தி கூறி அமைவோம். 2004இன் கிழிவு தொடங்கிய இடத்திற்கு மிக அணித்தாக உள்ளது சிமெயுலுவேத் தீவு. பேரலை அங்கே சில நிமிடங்களில் எட்டியது. எழுபதினாயிரவர்க்கு மேல் வாழ்ந்த அத்தீவில் உயிரிழந்தோர் எழுவர் மட்டுமே எனக் கூறப்படுகின்றது. 1907இல் அத்தீவை ஒரு பேரலை அழித்திருந்தது. அதனை அம்மக்கள் 'ஸ்மோங்' என்று பெயரிட்டு, நிலம் வலிந்து நடுங்கிக் கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடவேண்டும் என்பதைக் கதையாகவும் தாலாட்டாகவும் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகட்குச் சொல்லி வந்தனர். அன்று காலை ஒருவர் 'ஸ்மோங்' எனக் கூவ, ஊரே மலையேறியது. எச்சரிக்கை நிலையமும் கருவியும் அவர்கட்கு உதவவில்லை; ஒரு சொல் உதவியது.

தமிழருக்கும் ஒரு சொல் இருந்தது. கடல்கோள் என்பது நம் பண்டை உரையாசிரியர் வழங்கிய சொல். பஃறுளியாறும் குமரியும் கடலுட் பட்ட வரலாற்றைச் சிலப்பதிகாரமும் குறிக்கின்றது. ஆயினும் அச்சொல் ஏட்டில் இருந்ததேயன்றித் தரங்கம்பாடியிலும் வேளாங்கண்ணியிலும் மீனவர் குழந்தைகளின் வாயில் இருக்கவில்லை. பெருமைக்குரிய பழங்கதையாக அதனைக் கற்ற நாம், எப்பொழுது ஓடவேண்டும் என்னும் பொருளை அதனோடு சேர்த்துக் கற்பிக்கவில்லை. தமிழ் பயில்வார்க்கு நிலநூலால் ஆவதென் என வினவுவார்க்கு இதுவே விடை. கடலருகே நிலம் நெடுநேரம் நடுங்கினாலும், நடுக்கம் உணராதபோதே கடல் உள்வாங்கினாலும், எச்சரிக்கை வந்தாலும், உடனே மேட்டுக்கு ஓடுக. முதல் நடுக்கமே முடிவென்று வெடித்த வீட்டினுட் புகாதிருக்க. படத்திற் புள்ளியாகத் தோன்றுவது நிலத்தில் நெடுங்கோடு என்பதை அறிக. இம்மூன்றையும் ஐந்து வயதுச் சிறார்க்கும் விளங்கும் இனிய தமிழில் பாட்டாகவோ கதையாகவோ ஆக்கிக் கடற்கரைப் பள்ளிகளுக்கு அளித்தல் நம்மால் இயலுவதே. வரும் ஆண்டில் நம் தமிழ் மாணவர் இப்பணியை மேற்கொள்வாராக.